விலைச் சீட்டில் யூரோ: ஒரு பனியன் வழியாக உலகமயமாதல்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, 2006 கோடையில், திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். மடித்து அடுக்கிய டி-ஷர்ட்டுகளின் கழுத்து லேபிளில் டேக் கன்னால் விலைச் சீட்டைக் குத்துவதுதான் வேலை. முதல் நாள் காலை முழுக்கக் கை வேலை செய்ததே தவிர கண் வேலை செய்யவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். 9.99 என்று போட்டுப் பக்கத்தில் யூரோ குறி இருந்தது. அப்போது ஒரு யூரோ 57 ரூபாய் பக்கம். மனக்கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 570 ரூபாய். எனக்குப் பேசியிருந்த வாரச் சம்பளம் 600.

தைத்த சட்டையைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றிருந்த பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் இருந்த கட்டரைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தார். "இதென்ன கண்ணு, துணி இன்னும் லாரியே ஏறல, அதுக்குள்ள விலை போட்டுட்டாங்களா?" என்றார்.

பெரியம்மா அப்போது கேட்டதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்துக் கடையில் அந்தச் சட்டையை எடுத்துப் பார்க்கப்போகிறவர், எங்கள் கம்பெனி முதலாளி, செக்கிங் டேபிளில் பெரியம்மா. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் அந்தச் சீட்டு மூன்று பேரின் வரவு செலவையும் ஒரே முடிச்சில் கட்டியிருந்தது.

உலகமயமாதல் என்ற சொல் பெரிதாக இருக்கிறதே தவிர விஷயம் எளிது. பொருள், பணம், ஆள், தொழில் தெரிந்த அறிவு, இந்த நான்கும் நாட்டு எல்லையைத் தாண்டுவது முன்பைவிட எளிதாகவும் மலிவாகவும் ஆகிவிட்டது. அதனால் ஓர் ஊரில் எடுக்கும் முடிவு, கடல் தாண்டி இருக்கும் இன்னோர் ஊரின் அடுப்பு வரை வந்து தொடுகிறது. அவ்வளவுதான்.

ஆனால் நான்கும் ஒரே வேகத்தில் எல்லை தாண்டுவதில்லை. பணம் ஒரு நொடியில் போய்விடும். ஆர்டர் ஒரு மின்னஞ்சலில் நாடு மாறிவிடும். சட்டை கப்பலில் சில வாரம் போகும். ஆள் மட்டும் பாஸ்போர்ட், விசா, குடும்பம், மொழி என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் நகர வேண்டும், பெரும்பாலானவர்களால் நகரவே முடியாது. இந்த வேக வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் யாருக்கு லாபம், யாருக்கு அடி என்பதில் பாதி புரிந்துவிடும்.

எல்லை தாண்டிய வியாபாரம் நமக்குப் புதிதில்லை. திருப்பூர் வழியாக ஓடும் அதே நொய்யல் கரையில், கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கொடுமணல் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கல்மணி செய்து மேற்குக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்போது எல்லை தாண்டியவை மணி, மிளகு, தங்கம் மாதிரி எடை குறைந்த, விலை கூடிய சரக்குகள். சாதாரண ஆள் போடும் பருத்திச் சட்டையைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோய் மலிவாக விற்கலாம் என்பது நம் காலத்தில் வந்தது.

அது எப்படி வந்தது என்றால், முதல் காரணம் ஓர் இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழில்காரர் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக ஆள் வைத்து ஏற்றி இறக்கிய சரக்கைப் பெட்டியோடு தூக்கி வைக்கலாம் என்றானதும், கப்பல் கூலி பொருளின் விலையில் ஒரு பெரிய பங்காக இல்லாமல் போனது. இரண்டாவது காரணம் வரி. நாடுகள் ஒன்றுக்கொன்று இறக்குமதி வரியைக் குறைத்துக்கொண்டே வந்தன. இந்தியா 1991இல் ரூபாய் மதிப்பைக் குறைத்துக் கதவைத் திறந்தது, 1995இல் உலக வர்த்தக அமைப்பு உருவானது. மூன்றாவது தொலைபேசி, இணையம். ஹாம்பர்க்கில் வரைந்த டிசைன் அன்றைக்கே திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் கைக்கு வந்துவிடும்.

இனி அந்தச் சட்டையைப் பார்ப்போம். பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரா பக்கத்திலிருந்து வருகிறது. அதை நூலாக்குவது கோவை, திண்டுக்கல் வட்டார மில்கள். நூலைத் துணியாகப் பின்னும் மெஷின் ஜெர்மனியில் செய்ததாகவோ தைவானில் செய்ததாகவோ இருக்கும். தையல் மெஷின் ஜப்பான். டிசைன் ஐரோப்பா. தைக்கிற கை ஒடிசாவிலிருந்து வந்திருக்கலாம், தேனியிலிருந்தும் வந்திருக்கலாம். தைத்து முடித்த சட்டை தூத்துக்குடியில் கப்பலேறி, பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறிப் போகும். 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்ற லேபிள் பொய்யில்லை, ஆனால் கதையின் ஒரு வரியைத்தான் சொல்கிறது.

முதலாளி பக்கம்

திருப்பூரில் முதலாளி என்றால் பரம்பரைப் பணக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. விவசாயத்தை விட்டுவிட்டு வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்து, அப்புறம் நான்கு மெஷின் போட்டு, பிறகு எக்ஸ்போர்ட்டர் ஆனவர்கள் நிறைய. 1970கள் வரை உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் இது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் பம்பாய் வியாபாரிகள் மூலம் இத்தாலிக்காரர் ஒருவர் வாங்க வந்தார், பிறகு ஐரோப்பாவின் பெரிய கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 1980களின் நடுவில் சில பத்துக் கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடியைத் தொட்டது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது. ஈரோடு, கோவைச் சந்தையை மட்டும் நம்பியிருந்தால் இது கனவிலும் நடந்திருக்காது. வியாபாரத்துக்கு உலகமயமாதல் கொடுக்கும் முதல் வரம் இதுதான், வாங்குகிறவர்களின் எண்ணிக்கைக்கு எல்லை இல்லாமல் போவது. கூடவே தரம் என்றால் என்ன, ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், சாயம் எத்தனை துவைப்புக்குத் தாங்க வேண்டும் என்பதையெல்லாம் ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம்தான் ஊர் கற்றுக்கொண்டது.

அதற்குக் கொடுக்கும் விலை, தன் பொருளுக்குத் தானே விலை சொல்லும் உரிமை. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பையர் ஒரு சட்டைக்கு 3 டாலர் என்று பேசுகிறார். டாலர் 85 ரூபாய் என்றால் 255 ரூபாய். அன்றைய நூல் விலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சட்டைக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் நிற்கும் என்று ஆர்டரை எடுக்கிறார் முதலாளி. துணி ஓட்டி, சாயம் போட்டு, தைத்து, அனுப்பி, பணம் கைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். நடுவில் நூல் விலை ஏறினாலும் பேசின 3 டாலர் ஏறாது. 2021 முதல் 2022 வரை பஞ்சும் நூலும் கட்டுக்கடங்காமல் ஏறியபோது இதுதான் நடந்தது. 2022 மே மாதம் கம்பெனிகளே இரண்டு நாள் கதவடைத்துப் போராடின. ரூபாய் மதிப்பு கூடினாலும் இதே கதைதான், டாலர் 80க்கு இறங்கினால் அதே சட்டைக்கு 240 ரூபாய்தான் வரும், வரவேண்டிய லாபம் முழுக்கப் போய்விடும். டாலர் ஏறினால் முதலாளி முகத்தில் சிரிப்பு வரும், ஆனால் பையரும் பேப்பர் படிக்கிறவர்தானே, அடுத்த ஆர்டருக்கு விலையைக் குறைத்துக் கேட்பார்.

சரி, தேதி தவறினால்? கடையில் கோடைச் சட்டை கோடைக்கு முன்னால் தொங்க வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு பெரும்பாலும் தைத்தவர் தலையில். "ஏர்ல போச்சு" என்று ஒரு முதலாளி சொன்னால் அந்த ஆர்டரில் அவர் கைக்காசு போயிற்று என்று அர்த்தம். 2023 கடைசியில் ஏமனை ஒட்டிய செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்களெல்லாம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது இரண்டு வாரம் வரை கூடுதலாக ஆனது. ஏமன் எங்கே, திருப்பூர் அவிநாசி ரோடு எங்கே!

போட்டியையும் சொல்ல வேண்டும். 1974 முதல் 2004 வரை பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று கோட்டா வைத்திருந்தன. 2005 ஜனவரி 1 அன்று அது முடிந்தது. அளவுக் கட்டுப்பாடு போனதும் எல்லா நாடும் எல்லா நாட்டோடும் நேருக்கு நேர் மோத வேண்டியதாயிற்று. அதிலும் ஓட்டப் பந்தயக் கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. வங்கதேசம் மிகவும் பின்தங்கிய நாடு என்ற கணக்கில் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்பியது, திருப்பூர்ச் சட்டைக்கு அதே துறைமுகத்தில் சுமார் 9 முதல் 10 சதவீதம் வரி பல ஆண்டுகளாக இருந்தது. லாபமே அந்த அளவுக்கு மேல் நிற்காத தொழிலில் இது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பாருங்கள். 2011இல் இந்தியா வங்கதேச ஆடைகளுக்கு வரியை நீக்கியதும் உள்நாட்டுச் சந்தையிலும் அந்தப் போட்டி வந்து நின்றது. ஏற்றுமதியே செய்யாத, திருப்பூர்ச் சந்தையான காதர்பேட்டைக்கு மட்டும் தைத்துப் போடும் சின்னக் கம்பெனிக்காரருக்கும் அது அடிதான். எல்லையைத் தாண்டாதவரையும் உலகமயமாதல் வந்து பார்க்கும் என்பதை அவர்கள் அப்போது கண்டுகொண்டார்கள்.

இந்த அடிகளைத் தாங்கும் சக்தி எல்லா வியாபாரத்துக்கும் ஒன்றாக இல்லை. சொந்த நூல் மில், சொந்தச் சாயப்பட்டறை, உடுமலைப் பக்கம் நான்கு காற்றாலை என்று வைத்திருக்கும் பெரிய கம்பெனி ஒரு மோசமான வருஷத்தைக் கடந்துவிடும். இருபது மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும், அதாவது பெரிய கம்பெனியின் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஆள், பெரிய கம்பெனி பில்லை இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்தாலே வட்டிக்கு வாங்கத்தான் வேண்டும். பையர் அழுத்தினால் எக்ஸ்போர்ட்டர் ஜாப் ஒர்க்காரரை அழுத்துவார், அவர் டெய்லரை அழுத்துவார். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி ஆபத்தும் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும்.

வாங்குகிறவர் பக்கம்

உலகமயமாதலால் நேரான, சந்தேகமில்லாத லாபம் அடைந்தவர் வாங்குகிறவர்தான். அந்த 9.99 யூரோச் சட்டையை ஜெர்மனியிலேயே தைத்திருந்தால் அந்த விலைக்கு விற்பது கஷ்டம். நம் பக்கமும் பாருங்கள். ஒரு காலத்தில் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று துணி எடுத்த வீடுகளில் இன்று பீரோ கதவு மூடமாட்டேன் என்கிறது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று கழுத்து லேபிளை நடுவில் வெட்டிவிட்டு விற்பார்கள். பாரிஸ் கடைக்குப் போயிருக்க வேண்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு பல்லடத்தில் ஒருவர் மாடு கட்டுவதைப் பார்க்கலாம். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும்.

ஆனால் வாங்குகிறவரும் ஒரு கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறார். அதைச் சட்டையைவிடச் சமையல் எண்ணெய் நன்றாகக் காட்டும். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் பெரிதும் உக்ரைன், ரஷ்யாவிலிருந்து. 2022 பிப்ரவரியில் அங்கே போர் தொடங்கியதும் சூரியகாந்தி வரத்து தடைபட்டது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா தன் மக்களுக்கே எண்ணெய் போதவில்லை என்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மே 23 அன்றுதான் திரும்பத் திறந்தது. ஜகார்த்தாவில் போட்ட ஓர் உத்தரவு, நம் தெருமுனைப் பலகாரக் கடையில் வடையின் விலையாகவும் அளவாகவும் மாறியது. மலிவாகக் கிடைக்கிறது என்று கடலையும் எள்ளும் ஆட்டுவதைக் குறைத்துக்கொண்ட பிறகு, வெளியே கதவு சாத்தினால் உள்ளே கைவசம் எதுவும் இருக்காது.

அதே நேரத்தில் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட் லிட்டர் 25 ரூபாய்க்குத்தான் கிடைத்தது. உலக விலைக்கும் அந்த 25 ரூபாய்க்கும் நடுவில் இருந்த பள்ளத்தை அரசு தன் பணத்தைப் போட்டு நிரப்பியது. உலகச் சந்தை என்பது மழை மாதிரி, யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த எண்ணெய் பாக்கெட்டைத்தான் காட்டுவேன். மழை பெய்வதைத் தடுக்க முடியாது, சரி. யார் நனைய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம்.

விலைச் சீட்டில் வராத செலவு

9.99க்குள் பஞ்சு இருந்தது, கூலி இருந்தது, கப்பல், கடை வாடகை, விளம்பரம் எல்லாம் இருந்தன. நொய்யல் இல்லை. சாயப்பட்டறைக் கழிவு பல வருஷம் ஆற்றில்தான் போனது. 1992இல் விவசாயத்துக்கென்று சென்னிமலை அருகே கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. கீழே இருந்தவர்கள் அணையை மூடச் சொல்லிப் போராடினார்கள், பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயியே கெஞ்சிய ஊர் அது. தென்னை காய்ந்தது, கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்கவில்லை. ஐரோப்பாவில் சட்டை மலிவாக இருந்ததற்குக் கரூர் எல்லை வரை இருந்த விவசாயிகளும் பங்கு கொடுத்தார்கள், அவர்களை யாரும் கேட்காமலே.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. ஊர் அல்லாடியது. ஆர்டர்கள் வேறு நாடுகளுக்குப் போயின, பலர் வேலை இழந்தார்கள், துணியைச் சாயத்துக்கு வெளியூர் அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் ஊர் அழிந்துவிடவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, சாயச் செலவு ஏறியது, ஏற்றுமதியும் சில வருஷத்தில் மீண்டு மேலே போனது. இன்று அதே திருப்பூர், தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஊர் என்று சொல்லிப் பையர்களிடம் ஆர்டர் கேட்கிறது. தொழிலை இறுக்கினால் ஓடிவிடும் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் சொன்னதில் பாதிதான் நடந்தது.

உழைக்கிறவர் பக்கம்

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை நேரில் பார்த்தவன். பனியன் கம்பெனி வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஊர்களில் நிலமில்லாதவர்களுக்குக் காட்டு வேலைதான். பண்ணைக்காரர் கூப்பிட்டால் போக வேண்டும், கொடுத்ததை வாங்க வேண்டும். யார் எந்தச் சாதி என்பதை வைத்துத்தான் நிற்கும் இடம்கூட. கம்பெனி பஸ் ஊருக்குள் வர ஆரம்பித்ததும் அந்த வீட்டுப் பிள்ளைகள் டவுனுக்குப் போய் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். சனிக்கிழமை கையில் ரொக்கம். பெரியம்மா தன் பேரில் முதல் பாங்க் கணக்கைத் திறந்தது செக்கிங் வேலைக்குப் போன பிறகுதான். பெண்கள் சம்பாதிக்க ஆரம்பித்த வீட்டில் பேச்சே மாறிவிடும். வங்கதேசத்திலும் இதே கதைதான், அங்கே ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் 40 லட்சம் பேரில் பெரும்பாலோர் பெண்கள். கோடிக்கணக்கான குடும்பங்களை வறுமைக்கு மேலே தூக்கியதில் இந்தத் தையல் மெஷின்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு உலகமயமாதலைத் திட்டுவது நேர்மையில்லை.

மறுகரையில் அமெரிக்காவில் 1990இல் சுமார் 9 லட்சம் பேர் ஆடை தைக்கும் ஆலைகளில் இருந்தார்கள், இன்று ஒரு லட்சத்துக்கும் குறைவு. அவர்களும் நம் பெரியம்மா மாதிரி சாதாரண ஆட்கள்தான். அங்கே சட்டை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் சில டாலர் மிச்சம். வேலை போனவருக்கு மட்டும் வாழ்க்கையே போயிற்று. லாபம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பரவுகிறது, நஷ்டம் சில ஊர்கள்மேல் மொத்தமாக விழுகிறது. இன்றைய பணக்கார நாடுகளில் வெளிநாட்டுச் சரக்குக்கு எதிராக இவ்வளவு கோபம் ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியதற்குச் சொன்ன காரணங்களில் இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதும் இருந்தது. ஆனால் இறக்குமதி வரிக்குக் கைதட்டும் கூட்டம் அங்கே உருவானதற்கு இந்த மூடிய ஆலைகளும் சேர்ந்துதான் காரணம்.

இனிக் கஷ்டம். ஆர்டர் நகரும், ஆள் நகர முடியாது என்று முதலிலேயே சொன்னேனே, அது கூலியில்தான் மிகவும் உறைக்கும். திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வந்தால் ஒன்றரை ஷிப்ட். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் வாடகையும் கடனும் கட்டிக் குடும்பம் ஓட்ட முடியாது என்பதால் ஒன்றரை ஷிப்ட்தான் ஊரின் வழக்கமாகிவிட்டது. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் இருக்கும் டெய்லர், கை நின்றால் காசு நின்றது என்று சிறுநீர் கழிக்கவும் எழாமல் அடிப்பார். கூலியை ஏற்றச் சொன்னால், வங்கதேசத்தில் இதைவிடக் குறைவு, ஆர்டர் போய்விடும் என்பது பதிலாக வரும். டாக்காவில் கேட்டால் அங்கேயும் வேறொரு நாட்டின் பெயரைச் சொல்வார்கள்.

1984இல் இதே ஊரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கினார்கள். அப்போது ஒரு கூரைக்குக் கீழே நிறையப் பேர் வேலை செய்தார்கள். அப்புறம் வேலை சின்னச் சின்ன ஜாப் ஒர்க் கூடங்களாகச் சிதறியது, வெளி மாநிலத்திலிருந்து வந்து அடுத்த மாதம் ஊர் போகலாமா என்று யோசிக்கும் இளைஞர்கள் வந்தார்கள். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுவது இன்றும் நடக்கிறது. அந்த ஒப்பந்தம் எத்தனை கூடங்களுக்குள் நுழைகிறது என்பது வேறு கேள்வி. நூல் மில்களில், மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று வயதுப் பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டமும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான். நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குத் திரும்பியவர்களுக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்காமலே போனதுண்டு.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. கீழ் மாடியில் இருந்த பாங்க் மூடிவிட்டது. மேல் மாடிகளில் இருந்த தையல் கூடங்களில் மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆர்டருக்குத் தேதி இருந்தது. அதே கட்டடம், அதே விரிசல். பாங்க் ஊழியருக்கு ஒரு நாள் வராமல் இருக்கும் உரிமை இருந்தது, தையல்காரருக்கு இல்லை. அதற்குப் பிறகு 200க்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள், கட்டடங்களைச் சோதித்துச் சரிசெய்வோம் என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஆயிரக்கணக்கான ஆலைகளில் தீயணைப்பு வசதியும் கட்டடமும் மேம்பட்டன. சட்டை விலை அதனால் ஏறி யாரும் வாங்காமல் போய்விடவில்லை. அந்தச் செலவைச் சாவுக்கு முன்னாலேயே செய்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றுவரை போகவில்லை.

பெரியம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை, முட்டி வலி. அவர் மகள், எனக்கு அக்கா, அமெரிக்க ஆர்டர் ஓடும் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். திருப்பூர் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு போல அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2025இல் அந்த 50 சதவீத வரி வந்தபோது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பளக் கவரைத் திண்ணையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பையர் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாராம். ஒரு ஷிப்ட்டோட முடிச்சுக்கலாம், சனிக்கிழமை லீவு விட்டுக்கலாம்னு சூப்பர்வைசர் சொன்னாருங்க தம்பி," என்றார். எப்போதும் ஆறு நாள், தினம் ஒன்றரை, வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட். அந்த வாரம் ஐந்து. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதனால் வேலையிழந்தவர்கள் என்று எந்தக் கணக்கெடுப்பிலும் அக்கா வரமாட்டார். சம்பளம் மட்டும் கிட்டத்தட்டப் பாதி.

கவரிலிருந்து முதலில் ஏலச்சீட்டுப் பணத்தை எடுத்துத் தனியாக வைத்தார். மகளின் கல்லூரிப் பஸ் கட்டணம் அடுத்தது. மீதியை இரண்டு தடவை எண்ணிவிட்டு, திங்கட்கிழமை ரேஷனில் எண்ணெய் போடுகிறார்களா என்று பக்கத்து வீட்டில் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்.